பிணை நின்றவர்கள்: நன்னடத்தை அலுவலர் பணியின் வரலாறு

குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், சில நிபந்தனைகளுக்கு உட்படுத்தி அவருடைய வீட்டிலேயே வாழவிட்டு, குறிப்பிட்ட காலம்வரை அவர் நடத்தையைக் கவனித்துவரும் முறைக்கு நன்னடத்தை விடுவிப்பு என்று பெயர். அவரைக் கவனிப்பது, வழிகாட்டுவது, அவரைப் பற்றி நீதிமன்றத்துக்குப் பதில் சொல்வது ஆகிய மூன்றும் நன்னடத்தை அலுவலரின் பொறுப்பு. கோர்ட் வளாகங்களில் இவரைப் ‘புரொபேஷன் ஆபீசர்’ என்றே சொல்வார்கள். போலீஸ், வக்கீல், நீதிபதி, சிறைக் காவலர் ஆகியோரைத் தெரிந்த அளவுக்குப் பொதுமக்களுக்கு இவரைத் தெரியாது. காக்கிச் சீருடையும் கறுப்பு அங்கியும் இல்லாமல், கையில் ஒரு கோப்போடு தெருவுக்குள் வந்து போகிற மனிதர் இவர். ஆனாலும் ஒருவர் அடுத்த சில ஆண்டுகளை எங்கே கழிப்பார் என்பது பல வழக்குகளில் இவர் எழுதும் அறிக்கையைப் பொறுத்தே அமைகிறது.

‘புரொபேஷன்’ என்ற ஆங்கிலச் சொல், சோதித்துப் பார்த்தல் என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பிறந்தது. அரசு வேலையில் புதிதாகச் சேர்ந்தவரின் தகுதிகாண் பருவத்துக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். தமிழில் வழங்கும் ‘நன்னடத்தை’ என்ற பெயர், சோதனையை விட்டுவிட்டு அதன் முடிவில் எதிர்பார்க்கும் பயனைச் சொல்கிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நாளிதழ்களில் அடிக்கடி தென்படும் ‘நன்னடத்தைப் பிணை’ என்பது வேறு. குற்றம் நடக்காமல் தடுப்பதற்காக, 1973ஆம் ஆண்டின் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110 ஆகிய பிரிவுகளின்கீழ் வருவாய்க் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர்கள் எழுதி வாங்கிவந்த உறுதிமொழி அது. அதில் நன்னடத்தை அலுவலருக்கு வேலை இல்லை. அவர் பணி தொடங்குவது நீதிமன்றத்தில், குற்றம் செய்தவர் இவர்தான் என்ற முடிவை ஒட்டி.

இரண்டுக்கும் பொதுவான வேர் பிணை. ஒருவர் ஒழுங்காக நடப்பார் என்பதற்கு இன்னொருவர் பொறுப்பேற்று நிற்பது எல்லாச் சமூகங்களிலும் உள்ள பழைய வழக்கம். இங்கிலாந்தின் பொதுச் சட்டத்திலும் குற்றவாளியிடம் உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு, தண்டனையை அறிவிக்காமல் தள்ளிவைக்கும் வழக்கம் இருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நீதிபதி பீட்டர் ஆக்ஸன்பிரிட்ஜ் தாச்சர் 1830இல் ஒரு பெண்ணின் வழக்கில் இதைக் கையாண்டார். ஆனால் அந்த உறுதிமொழி வெறும் காகிதம். எழுதிக் கொடுத்தவர் வெளியே போனபின் அவர் என்ன ஆனார் என்று போய்ப் பார்க்க யாரும் இல்லை. அந்த இடத்தை முதலில் நிரப்பியவர் பூட்ஸ் தைக்கும் ஒரு கைவினைஞர்.

பாஸ்டன் நகரின் பூட்ஸ் தைப்பவர்

ஜான் அகஸ்டஸ் 1785இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். பாஸ்டன் காவல் நீதிமன்றத்துக்கு அருகே பூட்ஸ் கடை வைத்திருந்தார். குடியை முற்றிலும் விடச் சொல்லும் மதுவிலக்குச் சங்கம் ஒன்றின் உறுப்பினர். 1841 ஆகஸ்ட் மாதம் ஒருநாள் காலை அவர் நீதிமன்றத்தில் இருந்தபோது, குடிகாரன் என்ற குற்றச்சாட்டில் கந்தல் உடையோடு ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அகஸ்டஸ் அவரிடம் சில வார்த்தைகள் பேசினார். சிறைக்கு அனுப்பாமல் விட்டால் இனி குடிப்பதில்லை என்றார் அந்த மனிதர். அந்தச் சொல்லை நம்பி அகஸ்டஸ் ஜாமீன் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து அவரைத் திரும்ப அழைத்துவந்தபோது நீதிமன்றத்தில் இருந்தவர்களால் அடையாளம் காண முடியவில்லை. நீதிபதி ஒரு சென்ட் அபராதம் விதித்து, அதோடு வழக்குச் செலவை மட்டும் வசூலித்தார். மொத்தம் 3 டாலர் 76 சென்ட்.

இது ஒரு நாள் இரக்கத்தோடு முடிந்துவிடவில்லை. அடுத்த பதினெட்டு ஆண்டுகள் அகஸ்டஸ் நாள்தோறும் நீதிமன்றத்துக்குப் போனார். முதலில் குடிகாரர்கள், பிறகு பெண்கள், 1843 முதல் சிறுவர் சிறுமியர் என்று பொறுப்பேற்றார். எல்லோருக்கும் அவர் ஜாமீன் கொடுத்ததில்லை. முதல் குற்றமா, இதற்கு முன் எப்படி வாழ்ந்தவர், வயது என்ன, இனி எந்தச் சூழலுக்குத் திரும்புவார், யாரோடு பழகுவார் என்று விசாரித்த பிறகே முன்வந்தார். பொறுப்பேற்றவருக்குத் தங்க இடமும் வேலையும் தேடினார். சிலரைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அவர்கள் நடத்தையைக் குறித்துவைத்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். விசாரணை, மேற்பார்வை, வேலை தேடித் தருதல், அறிக்கை என்று இன்றுவரை இந்தப் பணியின் நான்கு தூண்களாக இருப்பவை எல்லாம் அவருடைய அன்றாட நடைமுறையிலிருந்து வந்தவை.

எதிர்ப்பும் இருந்தது. சிறைக்கு அழைத்துச் செல்லும் ஒவ்வொரு ஆளுக்கும் இவ்வளவு சென்ட் என்று நீதிமன்ற ஊழியர்களுக்குக் கட்டணம் கிடைத்துவந்தது. அகஸ்டஸ் ஒருவரை மீட்டால் அவர்களுக்கு அந்த வரும்படி போயிற்று. கடையைக் கவனிக்க நேரம் இல்லாமல் போனதால் தொழிலும் நலிந்தது. பிறகு நண்பர்கள் தந்த நன்கொடையில் பணி நடந்தது. 1852இல் தன் பணியைப் பற்றி ஓர் அறிக்கை நூலை வெளியிட்டார். 1859இல் இறந்தார். அதற்குள் அவர் பிணை நின்றவர்களின் எண்ணிக்கை 1,946. அரசு அவருக்கு ஒருநாளும் சம்பளம் தந்ததில்லை.

அவர் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 1878இல், இந்தப் பணிக்குச் சம்பளத்தோடு ஓர் அலுவலரை நியமிக்க பாஸ்டன் மேயருக்கு அதிகாரம் தந்து மாசசூசெட்ஸ் சட்டம் இயற்றியது. முதல் அலுவலராக அமர்த்தப்பட்டவர் நகரின் முன்னாள் காவல் தலைவர் எட்வர்ட் சாவேஜ். காவல் துறையோடு ஒட்டித் தொடங்கிய பதவி, 1891ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீதிமன்றங்கள் நியமிக்கும் பதவியாயிற்று. பிடிப்பவர் வேறு, பிணை நிற்பவர் வேறு என்ற கோடு அப்போது விழுந்தது. அமெரிக்க மத்திய நீதிமன்றங்களுக்கு இந்த முறை 1925இல்தான் வந்தது.

இங்கிலாந்தின் நீதிமன்றத் தொண்டர்கள்

இங்கிலாந்திலும் தொடக்கம் மதுவிலக்கு இயக்கத்தில்தான். ஃபிரடெரிக் ரெய்னர் என்ற அச்சகத் தொழிலாளி, 1876இல் இங்கிலாந்துத் திருச்சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். ஒருமுறை குடித்துவிட்டுக் கோர்ட்டுக்கு வந்தவர் மறுபடி மறுபடி அங்கேயே வந்து நிற்கிறாரே, அவரைக் கைதூக்கிவிட ஏதாவது செய்யக் கூடாதா என்பது அவர் மனக்குறை. கடிதத்தோடு ஐந்து ஷில்லிங் நன்கொடையும் இருந்தது. அந்தப் பணத்தில் தொடங்கி, லண்டன் காவல் நீதிமன்றங்களில் சங்கம் தொண்டர்களை அமர்த்தியது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவரிடம் பேசி, அவர் குடும்பத்தை விசாரித்து, நடுவரிடம் எடுத்துச் சொல்வது அவர்கள் வேலை. நாளடைவில் நடுவர்கள் அவர்கள் சொல்லைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினார்கள்.

முதல் குற்றவாளிகளை விடுவிப்பதற்கு 1887இல் ஒரு சட்டம் வந்தது. அதில் மேற்பார்வைக்கு இடம் இல்லை. 1907ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் அந்தக் குறையைத் தீர்த்தது. நன்னடத்தை அலுவலர் என்ற பதவிக்கு அது சட்ட வடிவம் தந்தது. அவருடைய கடமைகளைச் சொல்லும் இடத்தில் மூன்று வினைகளை அடுக்கியது: அறிவுரை கூறுதல், உதவுதல், நட்புக் கொள்ளுதல். நட்பை ஓர் அரசு ஊழியரின் கடமையாக எழுதிய அந்தச் சொற்றொடர், பின்னர் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த நாடுகளின் சட்டங்களுக்கெல்லாம் அளவுகோலாயிற்று.

இந்தியாவில் தொடக்கம்: அலுவலர் இல்லாத விடுவிப்பு

இந்தியாவில் இதன் விதை 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 562ஆம் பிரிவு. திருட்டு, ஏமாற்று போன்ற குற்றங்களிலும் இரண்டாண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களிலும் முதன்முறையாகச் சிக்கியவரை நன்னடத்தைக்குப் பிணைமுறி எழுதி வாங்கிக்கொண்டு விடுவிக்க அது வழி செய்தது. 1923இல் பிரிவை விரிவாக்கினார்கள். இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பெண்களுக்கும் கூடுதல் சலுகை கிடைத்தது. சிறு குற்றங்களில் கண்டித்துவிட்டு அனுப்பவும் அதிகாரம் வந்தது. ஆனாலும் மேற்பார்வைக்கு ஆள் இல்லை. பாஸ்டனில் 1830இல் இருந்த நிலைதான் இந்தியாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இருந்தது.

மாற்றத்துக்கு அடித்தளம் இட்டது 1919–20இன் இந்தியச் சிறைகள் குழு. அதன் தலைவர் சர் அலெக்ஸாண்டர் கார்டியூ, சென்னை ஆளுநரின் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்தவர். குழு இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளின் சிறைகளையும் அந்தமானையும் நேரில் பார்த்தது. தண்டனையின் நோக்கம் திருத்துவதாகவும் இருக்க வேண்டும் என்பதும், சிறார்களையும் முதல் குற்றவாளிகளையும் கூடியவரை சிறைக்கு வெளியே வைக்க வேண்டும் என்பதும் அதன் அறிக்கையின் சாரம். அந்த எண்ணத்தை நாட்டிலேயே முதலில் சட்டமாக்கியது சென்னை மாகாணம். 1920ஆம் ஆண்டின் சென்னைச் சிறுவர் சட்டம் இந்தியாவின் முதல் சிறுவர் சட்டம். வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. பதினாறு முதல் இருபத்தொரு வயது வரையான இளம் குற்றவாளிகளைச் சிறைக்குப் பதிலாகச் சீர்திருத்தப் பள்ளியில் வைப்பதற்காக, 1926இல் சென்னை போர்ஸ்டல் பள்ளிகள் சட்டம் வந்தது.

இரண்டு வகைக் கண்காணிப்பு

அதே ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் இன்னொரு கண்காணிப்பும் நடந்துகொண்டிருந்தது. நன்னடத்தைப் பணியின் மதிப்பை உணர அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வட இந்தியாவில் 1871இல் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. தமிழ் மக்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். பிறந்த சாதியைக் காரணமாக வைத்து, ஒரு தவறும் செய்யாதவர்களின் கைரேகையைப் பதிந்து, இரவில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று போலீஸ் சரிபார்த்தது. வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. இதை எதிர்த்து நின்ற மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3இல் போலீஸ் சுட்டது. பதினாறு பேர் இறந்தார்கள். சிறுவர் சட்டம் பிறந்ததும் அதே ஆண்டு, அதே மாகாணத்தில்.

கைரேகைச் சட்டமும் நன்னடத்தைச் சட்டமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். இரண்டிலும் பதிவேடு உண்டு, அலுவலர் வீட்டுக்கு வருவார், வசிப்பிடம் மாற அனுமதி வேண்டும். உள்ளே இருப்பது நேர் எதிர். முன்னது ஒரு கூட்டம் முழுவதையும் சந்தேகித்து, முடிவில்லாமல் கண்காணித்தது. பின்னது குற்றம் செய்த ஒரு தனி மனிதரை நம்பி, முடியும் நாளைக் குறித்துக்கொண்டு கவனிப்பது. முன்னதில் மனிதரின் பெயர் பட்டியலில் ஏறுவதே நோக்கம். பின்னதில் பெயர் பட்டியலிலிருந்து இறங்குவதே நோக்கம். சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. ஆனால் ‘வீட்டுக்கு ஆபீசர் வருகிறார்’ என்றாலே அஞ்சி ஒடுங்கும் பழக்கம் தலைமுறை தாண்டியும் நின்றது. தமிழ்நாட்டில் நன்னடத்தைப் பணி அந்த அச்சத்தின் நடுவிலேதான் வேர்விட வேண்டியிருந்தது.

மாகாணச் சட்டத்திலிருந்து மத்தியச் சட்டம் வரை

பெரியவர்களுக்கும் மேற்பார்வையோடு கூடிய விடுவிப்பு வேண்டும் என்று இந்திய அரசு 1931இல் ஒரு மசோதா தயாரித்து மாகாணங்களின் கருத்தைக் கேட்டது. அது மத்தியச் சட்டமாக நிறைவேறவில்லை. மாகாணங்கள் தாமே சட்டம் இயற்றிக்கொள்ளலாம் என்று பின்னர் தெரிவிக்கப்பட்டது. சென்னையின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1936 என்ற தலைப்போடு 1937ஆம் ஆண்டின் மூன்றாவது சட்டமாக வெளிவந்தது. மத்திய மாகாணம், பம்பாய், ஐக்கிய மாகாணம் ஆகியவையும் அதே ஆண்டுகளில் சட்டம் இயற்றின. 562ஆம் பிரிவில் இல்லாத ஆள், அதாவது நன்னடத்தை அலுவலர், இவ்வாறு மாகாணத்தின் சட்டப் புத்தகத்துக்குள் வந்து சேர்ந்தார்.

விடுதலைக்குப் பிறகு, ஐக்கிய நாடுகள் அவையின் வல்லுநராக 1951–52இல் வந்த அமெரிக்கச் சமூகவியலாளர் வால்டர் ரெக்லஸ் இந்தியச் சிறை நிர்வாகத்தை ஆய்ந்து, நன்னடத்தை முறையை விரிவாக்கப் பரிந்துரைத்தார். பணிக்கு ஆட்களை உருவாக்கும் ஏற்பாடுகளும் வளர்ந்தன. 1936இல் பம்பாயில் டாடா அறக்கட்டளை தொடங்கிய சமூகப் பணிப் பள்ளிக்குப் பின், 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் சென்னை சமூகப் பணிப் பள்ளி தோன்றியது. குற்றவாளியைத் திருத்துவதற்கு இரக்கத்தோடு படிப்பும் பயிற்சியும் தேவை என்ற கருத்து இந்தப் பள்ளிகள் வழியாகப் பரவியது. 1979இல் வேலூரில் தொடங்கிய சீர்திருத்த நிர்வாகப் பயிற்சி நிறுவனம், தென்மாநிலங்களின் சிறை அலுவலர்களுக்கும் நன்னடத்தை அலுவலர்களுக்கும் பயிற்சி தருகிறது.

நாடு முழுவதற்குமான குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அந்த ஆண்டின் இருபதாவது சட்டம் அது. பத்தொன்பது பிரிவுகள் மட்டுமே கொண்டது. மூன்றாம் பிரிவு, சிறு குற்றம் செய்த முதல் குற்றவாளியைக் கண்டித்து அனுப்ப வழி செய்கிறது. நான்காம் பிரிவு இதன் இதயம். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத குற்றத்தில், வழக்கின் சூழலையும் குற்றவாளியின் குணத்தையும் கருதி, மூன்றாண்டுக்கு மேற்படாத பிணைமுறியில் நீதிமன்றம் அவரை விடுவிக்கலாம். தேவையென்றால் ஓராண்டுக்குக் குறையாமல் நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் வைக்கலாம். ஐந்தாம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரவும் உத்தரவிடலாம். ஆறாம் பிரிவு இளைஞர்களுக்கானது. இருபத்தொரு வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால், நீதிமன்றம் முதலில் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். அனுப்புவதற்கான காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும்.

பதினான்காம் பிரிவு அலுவலரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் சூழலையும் குடும்ப நிலையையும் விசாரித்து அறிக்கை தருவது, மேற்பார்வையில் உள்ளவரைக் கவனித்து வேண்டுமானால் தகுந்த வேலை தேடித் தருவது, இழப்பீட்டைச் செலுத்த உதவுவது, விடுவிக்கப்பட்டவருக்கு அறிவுரையும் துணையும் தருவது ஆகியவை அவை. 1907இன் ஆங்கிலச் சட்டத்தில் இருந்த மூன்று வினைகளில் அறிவுரையும் உதவியும் இந்தச் சட்டத்துக்கு வந்து சேர்ந்தன. நட்பு என்ற மூன்றாவது வினை பிரிவின் வாசகத்தில் இல்லை. அதை அலுவலர்களே தங்கள் பணியில் நிரப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. அகஸ்டஸின் மரபு ஒன்று மட்டும் சட்டத்தில் தங்கியது. மாநில அரசு நியமிப்பவர், அரசு அங்கீகரிப்பவர், அங்கீகாரம் பெற்ற சங்கம் அனுப்புபவர் ஆகிய மூவரும் நன்னடத்தை அலுவலராக இருக்கலாம் என்று பதின்மூன்றாம் பிரிவு தொண்டருக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறது.

அறிக்கையும் மேற்பார்வையும்

இந்தப் பணி எப்படி நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன், நிறுத்திவைத்திருந்த மோட்டார் சைக்கிளை எடுத்துப்போய் விற்ற வழக்கில் குற்றவாளி என்று முடிவாகிறது. நடுவர் அறிக்கை கேட்கிறார். அலுவலர் முதலில் இளைஞனின் வீட்டுக்குப் போகிறார். அம்மாவிடம் பேசுகிறார். எத்தனை பேருக்கு எத்தனை அறை, யார் வருமானத்தில் அடுப்பு எரிகிறது, அப்பா குடிக்கிறாரா, கடன் உண்டா என்று கேட்கிறார். பள்ளியை எந்த வகுப்பில், ஏன் விட்டான் என்று பார்க்கிறார். பட்டறை முதலாளியைச் சந்தித்து, இவனைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொள்வாரா என்று நேராகக் கேட்கிறார். அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார். அங்கேதான் கவனம் வேண்டும். வழக்கைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் வாய்தவறிச் சொன்ன ஒரு சொல், தெரு முழுக்கப் பரவி, பையன் திரும்பி வரும் வழியையே அடைத்துவிடும். வண்டியைப் பறிகொடுத்தவரையும் போய்ப் பார்க்கும் அலுவலர் முழுமையான அறிக்கை எழுதுகிறார்.

அறிக்கையின் முடிவில் வரும் பரிந்துரைக்கு நீதிமன்றம் கட்டுப்பட்டதில்லை. ஆனால் அதைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஏழாம் பிரிவின்படி அறிக்கை ரகசியமானது. இருந்தாலும் அதன் சாரத்தை அந்த நபருக்குத் தெரிவித்து, பதில் சொல்ல வாய்ப்புத் தரலாம். காவல் துறையின் குற்றப்பத்திரிகை ஒரு நாளில், ஒரு நேரத்தில் நடந்ததைச் சொல்கிறது. நன்னடத்தை அறிக்கை அந்த நாளுக்கு முந்திய பத்தொன்பது ஆண்டுகளைச் சொல்கிறது. குற்றவியல் நீதி நடைமுறையில் அந்த ஆண்டுகளைத் தேடிப் போய் எழுதுவதையே வேலையாகக் கொண்ட அரசு ஊழியர் நன்னடத்தை அலுவலர்தான்.

மேற்பார்வை ஆணை வந்தபின் சந்திப்புகள் தொடங்கும். தொடக்கத்தில் நெருக்கமாகவும், நம்பிக்கை பிறந்தபின் இடைவெளி விட்டும் அலுவலர் அவரைப் பார்ப்பார். வசிப்பிடம், குடியிலிருந்து விலகியிருத்தல் போன்ற நிபந்தனைகளை நீதிமன்றம் விதித்திருந்தால் அவை நடக்கின்றனவா என்று கவனிப்பார். ஆதார், ரேஷன் அட்டை, ஐடிஐ சேர்க்கை, ஓட்டுநர் உரிமம் என்று காகித வேலைகளில் அலைவதும் இதில் சேரும். பிழைப்புக்கு வழி இல்லாதவரிடம் நன்னடத்தையைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பது இந்தப் பணியில் இருப்பவர்கள் முதலில் கற்கும் பாடம். நிபந்தனை மீறப்பட்டால் அலுவலர் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். முதல் மீறலுக்கு ஐம்பது ரூபாய்வரை அபராதத்தோடு விடவும், முதலில் செய்த குற்றத்துக்கே தண்டனை விதிக்கவும் ஒன்பதாம் பிரிவு இடம் தருகிறது. அறிவுரை சொல்லும் அண்ணனாகவும் புகார் எழுதும் அதிகாரியாகவும் ஒரே ஆள் இருக்க வேண்டிய இக்கட்டு இது. பாஸ்டன் காலத்திலிருந்து தீராத இக்கட்டும் இதுவே.

காலம் நல்லபடியாக முடிந்தால் கோப்பு மூடப்படுகிறது. தண்டனை பெற்றதால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு இவ்வாறு விடுவிக்கப்பட்டவருக்கு வராது என்கிறது பன்னிரண்டாம் பிரிவு. பெயர் பட்டியலிலிருந்து இறங்கும் இடம் அதுதான்.

நீதிமன்றங்கள் காட்டிய வழி

சட்டம் காகிதத்தில் உறங்காமல் காத்ததில் உச்ச நீதிமன்றத்துக்குப் பங்கு உண்டு. 1964இல் பஞ்சாபிலிருந்து பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனின் வழக்கு வந்தது. நடுவர் ஆறு மாதக் கடுங்காவல் விதித்து மூன்று மாதம் கழித்துத்தான் நன்னடத்தைச் சட்டம் அந்த மாவட்டத்துக்கு வந்திருந்தது. குற்றத்துக்கும் தண்டனைக்கும் பிந்திய சட்டமாக இருந்தாலும், கடுமையைக் குறைக்கும் சட்டத்தின் பயனை மேல்முறையீட்டிலும் தரலாம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. அதை எழுதிய நீதிபதி கே. சுப்பாராவ், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர்.

1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இன்னொரு படி ஏறியது. நன்னடத்தையில் விடுவித்திருக்கக்கூடிய வழக்கில் அப்படிச் செய்யாவிட்டால், நீதிமன்றம் சிறப்புக் காரணங்களை எழுத வேண்டும் என்றது அதன் 361ஆம் பிரிவு. 1981இல் ஹரியானா வழக்கு ஒன்றில், குற்றவாளியின் சமூகப் பின்னணியை வழக்கறிஞர்கள் எடுத்துவைக்கத் தவறினாலும் நீதிபதி தாமே அதைத் தேடிப் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. எல்லைகளையும் அது வகுத்தது. வண்டியைக் கவனக்குறைவாக ஓட்டி உயிரைப் பறித்த ஓட்டுநர்களுக்கு இந்தச் சலுகை கூடாது என்று 2000இல் கூறியது. தண்டனைக்குப் பதில் நன்னடத்தை விடுவிப்புக் கிடைத்தாலும் குற்றத்தீர்ப்பு அழிந்துவிடாது. அதன் அடிப்படையில் துறைரீதியான நடவடிக்கை எடுக்கலாம் என்று 1990இல் தெளிவுபடுத்தியது.

இலங்கையின் பாதை

இலங்கையில் 1939இல் சிறுவர், இளையோர் கட்டளைச் சட்டமும் 1944இல் குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச் சட்டமும் வந்தன. அங்கே பணி வேறு திசையில் வளர்ந்தது. 1956இல் நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் தனியே நிறுவப்பட்டது. அதனால் நன்னடத்தை உத்தியோகத்தர் என்றால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மக்கள் மனத்தில் வருவது, சிறுவர் இல்லங்களையும் பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் கவனிக்கும் ஒருவர். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பின் இந்தப் பணி மாகாண சபைகளுக்கும் பகிரப்பட்டது. போர்க்காலத்தில் பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளின் பொறுப்பும் இவர்கள் கையில் வந்தது. பெரியவர்களைச் சிறைக்கு வெளியே திருத்துவதற்கென 1999இல் சமுதாயம்சார் சீர்திருத்தச் சட்டம் தனியாக இயற்றப்பட்டது. அதன்கீழ் நீதிமன்றம் ஊதியமில்லாச் சமுதாயப் பணிக்கு ஆணையிடலாம்; அதை மேற்பார்க்கத் தனி உத்தியோகத்தர்கள் உண்டு.

இன்றைய வடிவம்

தமிழ்நாட்டில் பெரியவர்களுக்கான நன்னடத்தை அலுவலர்கள், சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின்கீழ் மாவட்டங்களில் பணியாற்றுகிறார்கள். நீதிமன்ற அறிக்கையைத் தாண்டி அவர்கள் வேலை விரிந்துவிட்டது. 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி தண்டனைக் கைதி விடுப்பு கேட்கும்போது, அவர் போகும் வீடு எப்படிப்பட்டது, அங்கே அவரை ஏற்றுக்கொள்வார்களா, ஊரில் பகை உண்டா என்று விசாரிப்பது நன்னடத்தை அலுவலர். முன்விடுதலை பரிசீலிக்கப்படும் ஆயுள் கைதியைப் பற்றியும் அவர் அறிக்கை தருகிறார். விடுதலையானவர் கடை வைக்கவோ தையல் இயந்திரம் வாங்கவோ உதவி கோரும்போதும் நன்னடத்தை அலுவலரிடமே வருகிறார். சிறார் வழக்குகள் இப்போது தனிப் பாதையில் போகின்றன. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, சிறுவரை முதன்முதலில் ஆஜர்படுத்திய நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் சமூகப் புலனாய்வு அறிக்கை தர வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில், நன்னடத்தை விடுவிப்பு பற்றிய 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 360, 361ஆம் பிரிவுகள் 401, 402 என்ற எண்களில் தொடர்கின்றன. அதோடு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, சமுதாய சேவையை முதன்முறையாக ஒரு தண்டனையாகச் சேர்த்தது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளை முதன்முறை திருடியவர் அதைத் திருப்பித் தந்துவிட்டால், சமுதாய சேவையே அவருக்குத் தண்டனை. அந்தச் சேவை ஒழுங்காக நடக்கிறதா என்று யார் பார்ப்பது என்பதைச் சட்டத்தின் வாசகம் சொல்லவில்லை. வீட்டையும் தெருவையும் பட்டறையையும் நீதிமன்றத்தையும் ஒரே நடையில் இணைக்கும் அலுவலர் முறை ஒவ்வொரு மாவட்டத்திலும் முன்பே இருக்கிறது. அந்தப் பொறுப்பை ஏற்கும் தகுதியும் அதற்கு உண்டு. 1841இல் ஒரு கடைக்காரர் தன் பணத்தையும் நேரத்தையும் ஈடாக வைத்துச் செய்த வேலையை, இன்று அரசின் பெயரால் நன்னடத்தை அலுவலர்கள் செய்துவருகிறார்கள்.